காய்ந்த கவர்

நீர்காத்த அய்யனார் மேல் சத்தியம், இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மூட்டுவலியைத் தவிர எனக்கு எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது.

ஈஸ்வரிம்மா, நேற்று நீங்கள் பழைய வீடியோ ஒன்றை நிறுத்திக் காட்டிக் கேட்டீர்கள். "தாத்தா, மூணு நாளா அடைமழை. கம்மாக்கரையே ஊறிக் கெடக்கு. நீங்க எடுத்த கவர் மட்டும் எப்படிக் காஞ்சிருக்கு?" போலீசுக்கே தோன்றாத கேள்வி. வாயால் சொன்னால் கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிடுவேன் என்றுதான் எழுதித் தருகிறேன்.

போன புரட்டாசியில் நீங்கள் 'குப்பைக்கு முகவரி உண்டு' சேலஞ்சை ஆரம்பித்தீர்கள். ஞாயிறு காலையில் கண்மாய்க்கரையைச் சுத்தம் செய்வது, குப்பையில் யார் முகவரி கிடைத்தாலும் கேமராவோடு போய் அவர் வாசலிலேயே ஒப்படைப்பது. நல்ல காரியம். முதல் வாரமே நானும் கையுறை மாட்டிக்கொண்டேன்.

என் பக்கத்து வீட்டுப் பொன்னுராஜ் மளிகைக் கடைக்காரர். ஊரில் வரப்புத் தகராறு என்றாலும் அவர் சொல்தான் சாட்சி. நான் அப்படியில்லை. தேவதானத்திலிருந்து சேத்தூர் வரைக்கும் ஒரு சிறுத்தை என் மொபெட்டுக்குத் துணையாக வந்ததை டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கிளாசைக் கீழே வைத்தார்.

"ஏலே சீனிச்சாமி, அம்புட்டுத் தூரம் வந்த சிறுத்தைக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்தியா? நீ பொறந்ததுல இருந்து சொன்ன ஒரே உண்மை ஒம் பேருதாம்லே."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அவர் மகன் ஜோயல் சென்னையிலிருந்து சர்க்கரை மாத்திரை அனுப்புவான். பிரித்த பார்சல் கவரை அவர் சம்சாரம் ஜெயபாய் மதினி வாசல் வாளியில் போடும். பெயர், தெரு, போன் நம்பர் எல்லாம் அச்சடித்தாற்போல இருக்கும். முதலில் ஒன்றே ஒன்றை எடுத்தேன்.

"தாத்தாவுக்குக் கைராசி," என்றீர்கள் அந்த ஞாயிற்றுக்கிழமை. பொன்னுராஜ் வேட்டியை இறுக்கிக்கொண்டே வெளியே வந்து, "நான் போடலம்மா," என்றார். அடுத்த வாரமும் அதையே சொன்னார். ஏழு வாரம் சொன்னார். ஏழாவது வாரம்தான் அந்த மழை. கவர் காய்ந்திருந்ததற்குக் காரணம், அது என் சட்டைப்பையில் இருந்தது. அன்றைக்கு அவர் கேமராவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"சீனிச்சாமி, நீயாவது சொல்லுலே."

"வீடியோவுலதான் எல்லாம் தெரியுதே அண்ணாச்சி," என்றேன்.

கடை ஷட்டரில் யார் யாரோ குப்பைப் பையைக் கட்டிவிட்டுப் போனார்கள். மதினி சர்ச்சுக்குப் போவதை நிறுத்தியது. எந்தத் தகராறுக்கும் அவரை யாரும் கூப்பிடவில்லை. இந்தக் கடைசி விஷயத்தை நான் குறிப்பாகக் கவனித்தேன்.

பொறவு அவர் ஞாயிறுதோறும் நீங்கள் வருவதற்கு முன்பே கரைக்கு வந்து, தன் பெயர் எங்கே கிடக்கிறது என்று குனிந்து குனிந்து தேட ஆரம்பித்தார். கரையில் போட்டால் எடுத்துவிடுகிறாரே என்று அந்தக் கடைசி வாரம் மட்டும் கொஞ்சம் தள்ளிப் போட்டேன், மடைப் பக்கம், தண்ணீரில். ஆழமான இடம்தான். நான் யாரையும் தள்ளவில்லை. கரையில் வேலிக்கருவேலை மறைவில்தான் நின்றேன். அவராகவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். ஒருமுறை கையை உயர்த்தினார். கவர் கிடைத்துவிட்டதைக் காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொண்டே செத்த நேரம் நின்றேன்.

அவரைத் தூக்கியபோது கவர் கைக்குள்தான் இருந்தது. ஊறிப்போய், முகவரி முழுக்க அழிந்திருந்தது. நீங்கள் எல்லோரும் ஒரு நிமிடம் தலைகுனிந்து நின்றீர்கள். நானும் கையுறையைக் கழற்றிவிட்டு நின்றேன்.

இதை டீக்கடையில் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். "சிறுத்தையும் கூட இருந்துச்சா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். எனவே நீங்களாவது நம்ப வேண்டும். ஒரு மனிதன் திருந்தினான் என்றால் அதையும் சேர்த்து நம்ப வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமையோடு எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அடுத்தவர் வாசலில் கிடக்கும் ஒரு துண்டுக் காகிதத்தைக்கூட நான் தொட்டதில்லை.

வீட்டில் வெள்ளைத்தாள் இல்லாததால், ஒரு பார்சல் கவரைப் பிரித்து அதன் உட்புறத்தில் இதை எழுதியிருக்கிறேன். திருப்பிப் பார்த்தால் உங்கள் வீட்டு முகவரி இருக்கும்.