வேண்டினவை

1996 ஒக்டோபர் 12ஆம் திகதி நியூசிலாந்தில் பொதுத் தேர்தல் நடந்தது. ஆளுக்கு இரண்டு வாக்கு என்ற புதிய முறையில் நடந்த முதல் தேர்தல் அது. நான் மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் வாக்களித்துவிட்டு, திரும்பும் வழியில் டெயரி என்று இங்கே சொல்லும் மூலைக்கடையில் பாலும் பாணும் வாங்கினேன்.

எனக்கு இந்த நாடு பிடிக்கும். மழை அதிகம், சத்தம் குறைவு. ஒரு குறை மட்டும் உண்டு. ஒரே புத்தகமாக எழுதி வைத்த அரசியலமைப்பு இதற்கு இல்லை. சில சட்டங்கள், சில வழக்கங்கள், மற்றபடி எல்லோரும் நல்லவர்கள் என்றொரு நம்பிக்கை. நம் தமிழ்ச் சங்கம் அப்படியில்லை. நூறு குடும்பம், முப்பத்தொரு பக்க யாப்பு. அதை எழுதியவன் நான்.

தம்பி ஜெயபாலன், நீங்கள் வழக்கறிஞர். சோதிலிங்கத்தின் அகதி வழக்கைத் திரும்பத் திறக்க என் வாக்குமூலம் உதவும் என்று கேட்டு வந்திருக்கிறீர்கள். உதவினால் எனக்கும் சந்தோஷம். அவர்மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் கிடையாது. அவருடைய கொத்துரொட்டியைப் போல ஆக்லாந்தில் வேறெங்கும் நான் சாப்பிட்டதில்லை.

பொங்கல் விழாவிலிருந்து தொடங்குகிறேன். 1997 தை. நீங்களும் மண்டபத்தில் இருந்தீர்கள். தலைவர் ரங்கநாதன் நன்றியுரை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் திருச்சிக்காரர், யாரையும் விட்டுவிடாமல் நன்றி சொல்லுகிற பண்பு உள்ளவர். மண்டபத்தின் பெயின்ட் செலவைக் கொடுத்தவருக்கு வந்து சேர்ந்தபோது குழந்தைகள் அழத் தொடங்கியிருந்தார்கள். சமையலறையிலிருந்து சோதிலிங்கம் கரண்டியோடு வெளியே வந்தார்.

"மைக்குக்கும் தலைவருக்கும் என்ன கலியாணமோ? கைய விடுறாரில்லை. சோறு ஆறுது, பிள்ளையள் அழுதுகள்," என்றார்.

பிறகு சுவரோரம் போய் ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கினார். சனம் கைதட்டியது. தலைவர் வாயசைத்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் கேட்கவில்லை. எல்லோரும் சாப்பிடப் போனார்கள். ஒரு அரசு இப்படித்தான் விழும் என்று நான் அன்று நினைத்தேன். கூட்டக் குறிப்பில் அதைக் 'கிளர்ச்சி' என்று பதிந்தேன். செயலாளர் என்ற முறையில் அது என் கடமை.

அடுத்த கிழமையே இளைஞர்கள் சிலர் சோதிலிங்கத்தைத் தலைவர் பதவிக்கு நிறுத்தப் போவதாகக் கதை வந்தது. ரங்கநாதன் விலகப்போகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவருக்குப் பிறகு யார் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று நான் எண்ணியிருந்தேன்.

நான் ஆத்திரப்படவில்லை. யாப்புக்கு ஒரு புதிய பிரிவு எழுதினேன்: 'சங்கத்துக்கோ எந்தவொரு அரசுக்கோ எதிரான கிளர்ச்சியில் ஈடுபட்டதாக, அல்லது அதற்கு உதவியதாகக் குற்றம் சாட்டப்பட்ட எவரும் சங்கத்தில் பதவி வகிக்கத் தகுதியற்றவர்.' ஒரு மாலையில் எழுதி முடித்தேன். கடினமாக இருக்கவில்லை. மாதிரி ஒன்று மனதில் இருந்தது.

1983 ஓகஸ்ட்டில் இலங்கை அரசியலமைப்புக்கு ஆறாவது திருத்தம் வந்ததை நீங்கள் படித்திருப்பீர்கள். தனிநாட்டை ஆதரிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்யாதவர் நாடாளுமன்றத்திலும் இருக்க முடியாது, அரசாங்க உத்தியோகத்திலும் இருக்க முடியாது. நம் உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தார்கள். நான் அப்போது கொழும்பில் காணிப் பதிவுக் கந்தோரில் வேலை செய்தேன். சத்தியம் செய்தேன். செய்ய மறுத்த ஒருவரின் யன்னலோர மேசை எனக்குக் கிடைத்தது. நல்ல வெளிச்சம். அந்தத் திருத்தம் அநியாயமானது என்று மேடைகளில் பலமுறை பேசியிருக்கிறேன், இன்னமும் பேசுவேன். ஆனால் அதன் வசனத்தில் ஒரு ஓட்டையும் கண்டுபிடிக்க முடியாது.

பங்குனியில் விசேஷ பொதுக்கூட்டம் கூடியது. எதிர்ப்பு வரும் என்று தெரியும். முதலில் எழுந்தவர் சீதாதேவி ரீச்சர். மலேசியாவில் சரித்திரம் படிப்பித்தவர், உங்களுக்குத் தூரத்து உறவு என்றும் கேள்வி.

"பக்கத்துல பிஜியில துப்பாக்கியோட பார்லிமென்ட்டுக்குள்ள போனவரு, அப்புறம் எலெக்ஷன்ல நின்னு பிரதமராவே ஆயிட்டாரு. இங்க மைக் வயர பிடுங்குனவரு சங்கத்துல நிக்கக் கூடாதா?" என்று கேட்டார்.

பெரிய சிரிப்பு. நான் காத்திருந்தேன். சிரிப்பு அடங்கியபின், பிஜியில் இப்படியொரு பிரிவு இருந்திருந்தால் அப்படி நடந்திருக்காது என்று சொன்னேன்.

பிறகு நீங்கள் எழுந்தீர்கள். உங்கள் வார்த்தைகள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கின்றன.

"அங்கிள், யாரும் யார் மேலயும் கையை நீட்டலாம் லா. குற்றம் சொன்னா மட்டும் போதுமா? தகுதியுள்ள ஒரு சபை விசாரிச்சு, ஆமா இவர் செஞ்சாருன்னு முடிவு சொல்லணும். அப்பதான் தடுக்கலாம்."

நியாயமான பேச்சு. ஒருவரை மக்கள் தெரிவு செய்யலாமா கூடாதா என்பதை வெறும் குற்றச்சாட்டு தீர்மானிக்கக் கூடாது. உங்கள் திருத்தத்தை நானே வழிமொழிந்தேன். 'குற்றம் சாட்டப்பட்ட' என்ற சொற்களை எடுத்துவிட்டு, 'தகுதியுள்ள ஒரு சபை விசாரித்துக் கண்டறிந்த' என்று சேர்த்தோம். பிரிவு நிறைவேறியது. மைக் வயரை விசாரிக்க இந்த நாட்டில் எந்தச் சபையும் கிடையாது என்பதால் சோதிலிங்கம் தப்பிவிட்டார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவரே வந்து என் முதுகில் தட்டினார்.

"திரு அண்ணை, உங்கட சட்டத்தில நான் பாஸ்," என்றார்.

அந்த நேரத்தில் என் மனதில் எதுவும் இருக்கவில்லை. அதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

வைகாசியில் அவருடைய அகதி மேன்முறையீடு விசாரணைக்கு வந்தது. வவுனியாவில் இராணுவம் அவரைப் பிடித்து, இயக்கத்துக்கு உதவினாய் என்று குற்றம் சாட்டி, நாலு மாதம் வைத்திருந்தது. விட்டபின் இங்கே ஓடிவந்தார். முதல் விண்ணப்பம் மறுக்கப்பட்டுவிட்டது. இப்படியான விசாரணைகளுக்கு நான் மொழிபெயர்ப்பாளராகப் போவது வழக்கம், இதற்கும் எனக்குத்தான் அழைப்பு வந்தது. அவரைத் தெரியுமா என்று கேட்டார்கள். ஆக்லாந்தில் தமிழர் எல்லோரையும் எனக்குத் தெரியும் என்றேன். அது உண்மை.

விசாரணைக்கு முதல் நாள் அவருடைய மனைவி ரதிதேவி லின்ஃபீல்டிலிருந்து பஸ்ஸில் வந்தார், ஒரு டப்பா நிறைய வடையோடு. அவருக்கும் மகள் பிரணவிக்கும் தனி விண்ணப்பம். அது இன்னும் தொடங்கவில்லை.

"அண்ணை, நீங்கள் போறியள் எண்டு கேட்டாப் பிறகுதான் இவர் இரவு நித்திரை கொண்டவர். திருப்பி அனுப்பினா ஆளை உயிரோட விடமாட்டினம். நாளைக்கு நீங்கள்தான் அவற்ர வாய்," என்றார்.

நான் வடையை வாங்கி வைத்தேன். வாய் என்பது நல்ல உவமை. ஆனால் சரியல்ல. மொழிபெயர்ப்பாளன் ஒரு குழாய்.

நகரத்தில் ஒரு கட்டடத்தின் ஐந்தாம் மாடி. மேசையில் தண்ணீர்க் கூசா. மேன்முறையீட்டுச் சபைக்காக விசாரித்த பெண்மணி மிகவும் மரியாதையானவர். சோதிலிங்கம் என் பக்கத்தில் இருந்தார், கடன் வாங்கிய கோட்டில். "வயித்தில பால் வாத்த மாதிரிக் கிடக்கு, அண்ணை," என்று காதுக்குள் சொன்னார். நான் உண்மையாக மொழிபெயர்ப்பேன் என்று சத்தியம் செய்தேன்.

இயக்கத்தோடு அவருக்கு என்ன தொடர்பு என்று பெண்மணி கேட்டார். முன்பு எழுத்தில் கொடுத்த வாக்குமூலத்தில் சோதிலிங்கம் தொடர்பே இல்லை என்று சொல்லியிருந்தார். இங்கே அவர் சொன்னது இது:

"நான் வீட்டில சமைச்சுச் சோத்துப் பார்சல் போடுறனான். அவையும் எல்லாரையும் போல வந்து பார்சல் வேண்டிக்கொண்டு போறவை."

தம்பி, நீங்கள் கோலாலம்பூரில் பிறந்தவர். வேண்டுதல் என்றால் உங்களுக்குக் கேட்பது, இரப்பது, கோயிலில் நேர்வது. அகராதியிலும் அப்படித்தான். யாழ்ப்பாணத்தில் வேண்டுவது என்றால் வாங்குவது. கடையில் மீன் வேண்டுவோம், வாத்தியாரிடம் அடி வேண்டுவோம். சோதிலிங்கம் சொன்னது, காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போனார்கள் என்பது.

நான் ஆங்கிலத்தில், அவர்கள் உணவு தரும்படி கேட்டுப் பெற்றுக்கொண்டு போவார்கள் என்று சொன்னேன்.

பெண்மணி எழுதினார். பிறகு, அவர்கள் கேட்டபோது நீங்கள் கொடுத்தீர்களா என்றார். நான் அதைத் தமிழில் சோதிலிங்கத்திடம் கேட்டேன்: "அவை வேண்டேக்க நீர் குடுத்தனீரோ?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "ஓம். யாவாரம் எண்டா குடுக்கத்தானே வேணும்."

ஆம், கொடுக்கத்தானே வேண்டும் என்று நான் சொன்னேன்.

அவர்கள் காசு கொடுத்தார்களா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டுப் பெற்றதற்குக் காசு ஏது. விசாரணை நல்லபடி முடிந்தது. வெளியே வந்ததும் சோதிலிங்கம் எனக்குக் கோப்பி வேண்டித் தந்தார்.

ஆடியில் முடிவு வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் இருவரும் அதை என் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நான் வாசித்துச் சொன்னேன். ஆயுதக் கிளர்ச்சியாளருக்குத் தொடர்ந்து விரும்பி உணவு வழங்கியவர், அதை முதலில் மறைத்தவர், அவருடைய பேச்சை நம்புவதற்கில்லை, மேன்முறையீடு தள்ளப்படுகிறது.

"விரும்பிக் குடுத்தனானோ? ஆர் சொன்னது? காசுக்கெல்லோ குடுத்தனான்," என்றார் சோதிலிங்கம்.

"சபையின்ர முடிவு. நான் வாசிக்கிறன், அவ்வளவுதான்," என்றேன்.

ரதிதேவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இனி என்ன அண்ணை செய்யிறது?" என்று கேட்டார். நான் தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

ஆவணியில் வேட்புமனுக்களைப் பரிசீலித்தபோது, செயலாளர் என்ற முறையில் எனக்கு வேறு வழியிருக்கவில்லை. தகுதியுள்ள சபை ஒன்று விசாரித்துக் கண்டறிந்துவிட்டது. அவருடைய மனுவை நிராகரித்து ஒரு மரியாதையான கடிதம் எழுதினேன். யாப்பு வேலை செய்தது. ஆளைப் பார்க்காமல், கைதட்டலைக் கேட்காமல், எழுத்தின்படி வேலை செய்தது. அப்படியொரு திருப்தி என் வாழ்க்கையில் அதிகம் கிடைத்ததில்லை.

அவரை நாட்டைவிட்டு அனுப்புவார்கள் என்பதை நான் யோசிக்கவில்லையா என்று நீங்கள் கேட்டீர்கள். யோசித்தேன். அது குடிவரவுத் திணைக்களத்தின் பொறுப்பு. என் பொறுப்பு சங்கம்.

விசாரணை ஒலிநாடாவை எடுத்து நீங்களும் ரதிதேவியும் கேட்டதாகச் சொன்னீர்கள். நீங்கள் தனியாகக் கேட்டபோது உங்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லையாம். ரதிதேவிதான் ஓரிடத்தில் நிறுத்தச் சொல்லி, இவர் வித்த கதையெல்லோ சொல்லுறார் என்று அழுதாராம். அவர் சொல்வது சரி. நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை. குறைத்தேனா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 'எல்லாரையும் போல' என்பதை விட்டேன். 'யாவாரம் எண்டா' என்பதை விட்டேன். 'வேண்டினவை' என்றால் வாங்கினார்கள் என்பது எனக்கு நினைவு தெரிந்த நாள்முதல் தெரியும். அன்றும் தெரியும். ஒரு வீட்டில் சமையல்காரன் தலைவராவதற்கும் நாடு அழிவதற்கும் இடையில் வாசல்கள் அதிகமில்லை, தம்பி. யாராவது ஒருவர் ஒரு வாசலைச் சாத்த வேண்டும்.

இதில் கையெழுத்திட எனக்கு ஆட்சேபணை இல்லை. என் பதவி போகுமே என்று நீங்கள் கவலைப்பட்டீர்கள். நன்றி. போகாது. நான் எந்த அரசுக்கும் எதிராகக் கிளர்ந்ததில்லை, அப்படி யாரும் விசாரித்துக் கண்டறியவும் இல்லை. வெறும் குற்றச்சாட்டு போதாது.

சோதிலிங்கம் ஒக்டோபரில் விமானம் ஏற்றப்பட்டார். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கினார் என்று விமானக் கம்பனி சொல்கிறது. வாசலில் காத்திருந்த அவருடைய தமையன் மாலைவரை நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். நவம்பர் பொதுக்கூட்டத்தில் தலைவர் பதவிக்கு ஒரு மனுதான் இருந்தது. நான் போட்டியின்றித் தெரிவானேன். சோதிலிங்கம் எங்கே என்று தெரிவிக்குமாறு இலங்கை அரசைக் கோரும் தீர்மானத்தை அன்று நானே முன்மொழிந்தேன். அது ஏகமனதாக நிறைவேறியது. பதில் இன்னும் வரவில்லை.