மொரா அம்மா வீட்டு ரூட்டர்

உங்கள் தேநீரில் இஞ்சி கொஞ்சம் அதிகம், ஐயா. எனக்கு அப்படித்தான் பிடிக்கும்.

கென்யாவின் நக்கூரு நகரில் அந்தக் குடியிருப்பு முழுவதற்கும் இணைய இணைப்பு கொடுத்தவன் நான். ஒவ்வொரு ரூட்டரின் முதுகிலும் என் எண்ணை ஒட்டியிருப்பேன். எது நின்றாலும், "ஃபுண்டி, வந்து பாரு" என்று எனக்குத்தான் அழைப்பு வரும். பழுது பார்ப்பவனை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அந்த ரூட்டரின் மென்பொருளில் ஓட்டை இருக்கிறது, கடவுச்சொல் இல்லாமலே வெளியாள் நுழையலாம் என்று தயாரித்தவர்கள் எச்சரித்தார்கள். திருத்திய பதிப்பும் தந்தார்கள். வீடு வீடாகப் போய் அதை ஏற்றினேன். நான்காம் மாடியில் ஒரு வீட்டில் மட்டும், ஏற்றாமலே ஏற்றிவிட்டதாகச் சொன்னேன்.

அங்கே கெரூபோ இருந்தார். செவிலியர், கணவர் இல்லை. மகள் பெயரை வைத்து எல்லோரும் மொரா அம்மா என்போம். அந்த ஓட்டை வழியாக, என் அறையிலிருந்தே அவர் இணைப்பை நிறுத்துவேன். அவர் அழைப்பார். போவேன். பேசிக்கொண்டிருப்போம், சரியாகிவிடும். இதில் யாருக்கும் நஷ்டமில்லை.

பிறகு வெளிநாட்டு மருத்துவமனை ஒன்று அவரைத் திரைவழி நேர்காணலுக்கு அழைத்தது. வேலை கிடைத்தால் மொராவோடு போய்விடுவார்.

"ஃபுண்டி, அன்னைக்கு மட்டும் என் மானத்த வாங்கிடாத" என்று சிரித்தார். "கரன்ட் போனாலும் கவலையில்ல, பேட்டரி வாங்கி வச்சுட்டேன்."

எங்கள் ஊரில் எல்லோரும் மின்சாரத்தைத்தான் சந்தேகிப்பார்கள். "நல்லது பண்ணீங்க, மொரா அம்மா" என்றேன். நேர்காணலில் அவர் பேசத் தொடங்கியதும் இணைப்பை நிறுத்தினேன்.

மருத்துவமனைக்காரர்கள் இன்னொரு வாய்ப்பு கொடுத்தார்கள்.

"என் வீட்ல வந்து பேசேன், கடிச்சா தின்னுடுவேன்?" என்றாள் எதிர்வீட்டு நசிமியு. அந்த வீட்டின் ஓட்டையை நானே ஒழுங்காக அடைத்திருந்தேன். என்னாலும் நுழைய முடியாது. ஆகவே, உங்கள் இணைப்பைத் திருடி இழுப்பதே நசிமியுதான் என்று மொரா அம்மாவிடம் சொல்ல வேண்டியதாயிற்று.

"கூட இருந்தே குழி பறிச்சிட்டியேடி!"

"உன் புள்ளைக்குப் பாதி நாள் உகாலிக் களி கிண்டிப் போட்டவ நான். நானா திருடி?"

மாடிப்படி முழுக்க ஆட்கள் நின்று கேட்டார்கள். நசிமியு வீட்டைக் காலி செய்துகொண்டு போனாள்.

மொரா அம்மா தன் வீட்டிலேயே நேர்காணலுக்கு உட்கார்ந்தார். அவர் கேட்டுக்கொண்டதால் நான் கதவுக்கு வெளியே படியில் காத்திருந்தேன். பக்கத்தில் மொரா கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தாள். கைபேசியை ஒருமுறை தொட்டேன், அவ்வளவுதான். உள்ளே, "ஹலோ, கேக்குதா? கேக்குதா?" என்ற குரல் வெகுநேரம் வந்தது. பிறகு அதுவும் இல்லை.

மொரா என் கையைப் பிடித்தாள். "மாமா, நீங்க சரி பண்ணிடுவீங்கல்ல?"

சரி செய்தேன். மறுநாளே அவர்கள் வீட்டிலும் புதிய பதிப்பை ஏற்றி ஓட்டையை அடைத்தேன். எல்லாம் முடிந்த பிறகு எதற்கு என்று கேட்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள், ஐயா. தனியாக இருக்கும் பெண். அந்த வழியாக எவனாவது கெட்டவன் நுழைந்திருந்தால் அவர்கள் கதி என்ன?