நோட்டீஸ் ஒட்டுன கம்பம்

ஏணிய நான் புட்ச்சிக்கினுதான் கீறேன், நீ ஏறு ஜெயவேலு. லைட்டு ரிப்பேரு பண்ற நீயே கம்பத்தப் பாத்து பயந்தா எப்டி நைனா?

அதுவா? மஞ்சத் துணி. தெனம் நான் அவுக்கறேன், தெனம் கட்றாளுங்க. பாரு, குங்குமம் வேற.

நடந்தது இதான். ரெண்டு மாசமா இந்த லைட்டு எரியல. போன வாரம் சாயந்தரம் வழக்கம்போல இந்தக் கம்பத்துல பசையத் தடவி, கடவுள் இல்லைன்னு நோட்டீஸ் ஒட்னேன். நாப்பது வருசமா ஒட்றவன், சும்மா தடவி வுடுவனா? உள்ளங்கையால பட்டுனு ஒரு அறை. பளிச்சுனு எரியுது!

எதுத்தாப்புல இட்லி சுட்டுக்கினு இருந்த ஞானபாக்கியம், மாதாவேன்னு முட்டி போட்டுடுச்சு. என் சம்சாரம் வரலட்சுமி, அம்மன் கண்ணத் தொறந்துட்டான்னு ஆடுது. டீக்கட பக்ருதீனு, தர்காவுல நான் வேண்டிக்கினு வந்தேன், அதாலதான் எரியுதுங்கறான். ஒரு பல்புக்கு மூணு பேரு சண்ட. நடுவுல நான், பச வாளியோட. நோட்டீஸ்ல இன்னா போட்டுக்கீதுன்னு ஒருத்தராவது படிக்கணுமே!

காத்தடிச்சா அணைஞ்சிடுது. நான் தட்னா மறுபடி எரியுது. வேற எவன் தொட்டாலும் எரியல. அதான் பேஜாரு. என் கையில, இந்த டில்லிபாபு கையில, சாமி கீதாம்! ஹார்பர்ல மூட்ட தூக்கி, மூணு ஸ்ட்ரைக்குல லத்தியடி வாங்குன கைப்பா இது.

நான் இன்னா சொல்றேன்? தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. தேடு. அதுக்குள்ள எதுக்குக் கடவுள இஸ்த்துக்கினு வந்து நிக்க வெக்கற? பிள்ளையாரு பாலு குடிக்கிறாருன்னு ஊரே டம்ளரோட ஓடிச்சே, அன்னிக்கு இதே தெருவுல நான் ஒரு செங்கல்லுக்கு ஸ்பூன்ல பாலு குடுத்தேன். அதுவும் குடிச்சிச்சு. பாருங்கடான்னேன். பாத்தாங்க. செங்கல்லுக்கும் பொட்டு வெச்சிட்டாங்க.

இன்னாது, ஒயரு லூசா? பலமா அதிர்ந்தா ஒட்டிக்குதா? அப்போ மத்தவங்க தொட்டா ஏன்... ஆங்! அவங்கல்லாம் பக்தியாத் தொட்டுக் கும்புடறாங்க. நான் ஒருத்தன்தான் மரியாத இல்லாம அறையறேன். அவ்ளோதான் மேட்டரு! இதத்தான நான் நாப்பது வருசமா கத்திக்கினு கீறேன்!

ஏய், ஏய், முறுக்காத! கைய எடு. காரணத்தக் கண்டுபுடின்னுதான சொன்னேன், ரிப்பேரு பண்ணுன்னா சொன்னேன்?

ஒண்ணுமில்லப்பா. ஞாயித்துக்கெழம இந்தக் கம்பத்தாண்ட நம்ம பகுத்தறிவுக் கூட்டம். புரியாததெல்லாம் கடவுளான்னு தலைப்பு. போன வருசம் இதே கூட்டத்துக்கு வந்தது மைக்செட்டுக்காரன் ஒருத்தன்தான். அவனும் ஒயர சுத்தி எடுத்துக்கினு போவணுமேன்னு ஒக்காந்திருந்தான். இந்தத் தபா நாலு தெரு ஜனம் வருது, தேங்கா பழத்தோட. நான் கம்பத்துல கை வெக்கறதப் பாக்கணுமாம். வரட்டும். லைட்டு எரிஞ்சா ஒக்காருவாங்க, ஒக்காந்தா பேசிருவேன். கல்யாணமானதுலேர்ந்து என் பேச்ச ஒரு தடவ ஒக்காந்து கேக்காத வரலட்சுமியே, மொத வரிசையில போட பாய் எடுத்து வெச்சிக்கீது ஜெயவேலு.

திங்கக்கெழம வந்து நல்லா முறுக்கு. இப்ப எறங்கு, டீ சொல்றேன். பக்ருதீன் கடையில ஒயரு கியருன்னு வாயத் தொறந்துடாத. இன்னா கோளாறுன்னு கேட்டான்னா, ஒண்ணும் புரியல பாய்னு மேல கையக் காட்டிடு.

ஞாயித்துக்கெழம வரைக்கும் அவரு இருந்துட்டுப் போவட்டும்.