காய்ச்சல் இல்லாத பிள்ளைக்கு மலேரியாக் குளிசை

— அப்ப குளிசையைத் தாங்கோ சேர். நான் வீட்டை கொண்டுபோய்ச் சோத்துக்குப் பிறகு போடுறன். வெறும் வயித்திலை போட்டால் எனக்குச் சத்தி வரும்.

— இருங்கோ பிள்ளை, பறக்காதேங்கோ. மலேரியா எண்டு சொன்னதுக்குச் சிரிச்சுக்கொண்டு கையை நீட்டின ஆளை என்ரை சுகாதாரப் பரிசோதகர் உத்தியோகத்திலை இண்டைக்குத்தான் பாக்கிறன். பெயர் என்ன சொன்னனீங்கள்?

— நிவேதனா. ஐந்தாம் வகுப்பு. தலைவியும் நான்தான்.

— அப்ப பாருங்கோவன் ஜெயகௌரி ரீச்சர் என்ரை கோலத்தை. இந்த நாட்டிலை இப்ப மலேரியா இல்லை. துறைமுகத்துக்கு வந்த ஒரு ஆளுக்குக் காய்ச்சல் எண்டு கேள்விப்பட்டு, எதுக்கும் பாத்து வைப்பம் எண்டுதான் உங்கடை பள்ளிக்கூடத்துப் பிள்ளையளின்ரை விரலிலை குத்தி ரத்தம் எடுத்தம். எல்லாம் சுத்தம். இவவின்ரை கண்ணாடித் துண்டிலை மட்டும் கிருமி குவிஞ்சுபோய்க் கிடக்கு. நான் சாப்பாட்டையும் விட்டிட்டு யாழ்ப்பாணத்திலையிருந்து மயிலிட்டிக்கு மோட்டச்சைக்கிளிலை விழுந்தடிச்சு வந்தால், நோயாளி முற்றத்திலை கயிறடிச்சுத் துள்ளிக்கொண்டு நிக்கிறா.

— லெனாட் சேர், காலமை தொடக்கம் இவ இந்த ஒபிசைத்தான் சுத்திச் சுத்தி வாறா. பி.எச்.ஐ சேர் வந்திட்டாரோ, மருந்து கொண்டு வந்தவரோ எண்டு கேட்டுக் கேட்டு என்ரை உயிரை எடுத்துப்போட்டா. பூச்சி மருந்து குடுக்கிற நாளிலை மலசலகூடத்துக்குள்ளை போய் ஒளிக்கிற பிள்ளை இவ.

— அது சின்ன வகுப்பிலை ரீச்சர். இப்ப நான் திருந்திட்டன்.

— திருந்தினது நல்லம். ஆனால் இப்ப ரீச்சருக்கு முன்னாலைதானே திரும்பக் குத்தி, உடனை முடிவு காட்டுற அட்டையிலை விட்டுப் பாத்தனான். ஒண்டும் இல்லை. அட்டையை மாத்தியும் பாத்தனான். ஒண்டும் இல்லை. உடம்பிலை சூடும் இல்லை.

— அட்டை பழுதாய் இருக்கும் சேர். எனக்கு உண்மையாய்க் காய்ச்சல். பின்னேரத்திலைதான் வரும். பல்லுக் கிடுகிடெண்டு அடிக்கும், எத்தினை போர்வை போத்தாலும் காணாது. பிறகு வேர்த்துக் கொட்டிப் பாயெல்லாம் நனைஞ்சு போகும். இடைக்கிடை நினைவில்லாமல் வாய் புசத்தும்.

— அப்ப பாருங்கோவன். பிள்ளை சொல்லுற குணங்குறியிலை ஒரு பிழையும் பிடிக்க ஏலாது. ஆனால் இப்பிடிக் காய்ச்சல் வந்த ஆக்களுக்கு அதை எழும்பி நிண்டு சொல்லச் சத்து இராது.

— நிவே, நேற்றுப் பின்னேரம் நீர் வலைப்பந்து விளையாடினனீரெல்லே?

— காய்ச்சலோடைதான் விளையாடினனான் ரீச்சர்.

— காய்ச்சலோடைதான் ஜெசிதாவைத் தள்ளி விழுத்தினனீரோ?

— அவ தானாய் விழுந்தவ. சேர், ஒரு கேள்வி. பெரிய ஆக்கள் எண்டால் எத்தினை குளிசை போடவேணும்?

— ஏன் பிள்ளை?

— நான் வயசுக்கு மிஞ்சின உயரம். எல்லாரும் சொல்லுறவை. அதாலை பெரிய ஆக்களின்ரை அளவு தந்தால் நல்லம்.

— எவ்வளவு பெரிய ஆள்?

— மீசை வைச்ச ஆள் அளவு. மெல்லிய ஆள்தான். இப்ப இன்னும் மெலிஞ்சு... நான் மெலிஞ்சு போனன், அதைச் சொல்லுறன்.

— சரி பிள்ளை, நான் சொல்லுறதையும் கேளுங்கோ. உந்தக் குளிசை தோடம்பழ இனிப்பு இல்லை, கையிலை குடுத்துவிட. மலேரியா எண்டால் ஆளை ஆஸ்பத்திரியிலை படுக்க வைக்கவேணும். நேர்ஸ் பாத்துக்கொண்டு நிக்க, அவவுக்கு முன்னாலை விழுங்கவேணும். ரத்தத்தைத் திரும்பத் திரும்பப் பாக்கவேணும். வீட்டை குடுத்துவிடுற பழக்கம் எங்களிட்டை இல்லை.

— ஒண்டு கூடவோ?

— ஒண்டு கூட.

— பள்ளிக்கூடத்துக்கு வந்த அண்டைக்கு நீங்கள்தானே சொன்னனீங்கள், கிருமி இருக்கிற ஆக்களுக்குக் காசில்லாமல் மருந்து தருவம், ஒருத்தரும் பயப்பிடத் தேவையில்லை எண்டு. அதை நம்பித்தானே நான்...

— நம்பித்தானே என்ன செய்தனீங்கள்?

— ஒண்டும் செய்யேல்லை.

— ரீச்சர், அண்டைக்கு எங்களுக்கு உதவியாய் ஆர் நிண்டது?

— தலைவி எண்டு இவதான். பெயர் கூப்பிட்டு வரிசையிலை விட்டு, கண்ணாடித் துண்டுகள் காய வைச்ச மேசையிலை ஈ இருக்காமல் விசிறிக்கொண்டும் நிண்டவ. நான் கூட நினைச்சனான், நல்ல பொறுப்பான பிள்ளை எண்டு. இடையிலை மட்டும் தண்ணிப் போத்திலை மறந்திட்டன் எண்டு வீட்டை ஓடிப் போட்டு வந்தவ. வீடு உதிலைதானே, பின் மதிலுக்கு அங்கால்.

— தண்ணிப் போத்திலோடை வந்தவவோ?

— இல்லை. இப்பதான் எனக்கு அது ஓடி வெளிக்குது.

— பிள்ளை, உங்கடை வீட்டிலை ஆரும் வெளிநாட்டாலை வந்தவையோ?

— ஒருத்தரும் வரேல்லை. போனவைதான். நிருஷன் மாமா கனடாவிலை.

— ஓம் சேர். இவவின்ரை அம்மாவின்ரை தம்பி. போன வருசம் போனவர். அவருக்குத்தான் என்னைப் பேசி முற்றாக்கி இருக்கு.

— அட, ரீச்சர் இந்த வீட்டுக்கு மருமகளோ? நல்ல விசயம். அப்ப கெதியிலை பறக்கப் போறியள்.

— அப்பிடித்தான் எல்லாரும் சொல்லுகினம். அங்கை இப்பவும் ஸ்னோ கொட்டுதாம், கதவைத் திறக்க ஏலாமல் கிடக்காம். அவர் அப்பிடித்தான் சொல்லுறார். போன கிழமை தொடக்கம் ஃபோனும் இல்லை.

— ஃபோனும் விறைச்சுப் போச்சாக்கும். சரி, விசயத்துக்கு வாறன். பிள்ளை, இனி நான் பகிடி விடேல்லை. இந்தக் கண்ணாடியிலை இருக்கிறது உங்கடை ரத்தம் இல்லை. ஆற்றை ரத்தம் எண்டு எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஆளின்ரை உடம்பிலை இருக்கிறது சும்மா மலேரியா இல்லை, ஆபிரிக்காவிலை இருக்கிற பொல்லாத சாதி. மருந்து போட்டால் ஆள் எழும்பி நடக்கும். பிந்தினால் மூளைக்கு ஏறிப்போடும். நாளைக்கு எண்டு விட்டால், நாளைக்கு அந்த ஆளுக்கு நினைவு இருக்குமோ எண்டு நான் சொல்லமாட்டன்.

— எங்கை இருக்கிற சாதி எண்டனீங்கள் சேர்?

— ஆபிரிக்கா. ஏன் ரீச்சர்?

— ஒண்டுமில்லை. அந்தக் கதிரையைக் கொஞ்சம் இஞ்சாலை தள்ளிவிடுங்கோ.

— சேர், மூளைக்கு ஏறினால் செத்துப் போவினமோ?

— ஓம் பிள்ளை. செத்துப் போவினம்.

— ரீச்சர் வெளியிலை போனால் சொல்லுறன்.

— ரீச்சருக்கு முன்னாலை ஏன் சொல்ல ஏலாது?

— அம்மா என்னைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கற்பூரம் அணைச்சுச் சத்தியம் வாங்கினவ. ஊரிலை ஆருக்குச் சொன்னாலும் ஜெயகௌரி ரீச்சருக்கு மட்டும் சொல்லக்கூடாது எண்டு.

— நிவே, நான் வெளியிலை போகமாட்டன். காதைப் பொத்துறன், நீர் சொல்லும்.

— வடிவாய்ப் பொத்தினியளோ?

— ஓம்.

— ஓம் எண்டு சொல்லுறியள். அப்ப கேக்குதெல்லே.

— இந்தா, இறுக்கிப் பொத்துறன்.

— ரீச்சர்? ... ரீச்சர்? சரி. இஞ்சை குனியுங்கோ சேர். மாமா கனடாவுக்குப் போய்ச் சேரவே இல்லை. ஏஜென்சிக்காரன் ஆபிரிக்காவிலை ஒரு வீட்டுக்குள்ளை விட்டிட்டு ஓடிட்டானாம். மாமா திரும்பி வந்திட்டார். ஊரெல்லாத்துக்கும் சாப்பாடு போட்டு மாலை போட்டு அனுப்பினது, இனி எந்த முகத்தோடை வெளிக்கிடுறது எண்டு எங்கடை வலை வைக்கிற அறையுக்குள்ளையே இருக்கிறார். ரீச்சரோடை வீடியோவிலை கதைக்கேக்கை மட்டும் பின்னாலை ஸ்னோ மாதிரி வெள்ளை வேட்டியைக் கட்டிப்போட்டு, குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு இருப்பார். நான்தான் பக்கத்திலை நிண்டு விசுக்கிறனான். வேர்த்து ஒழுகும் சேர், பாவம்.

— இப்ப?

— இப்ப உண்மையாய் நடுங்குறார். அம்மா பனடோல் குடுக்கிறா, கொத்தமல்லி அவிச்சுக் குடுக்கிறா. ஆஸ்பத்திரிக்குப் போவம் எண்டு அழுதும் பாத்திட்டா. மாட்டாராம். அங்கை போனால் ஊருக்குத் தெரியுமாம், ஊருக்குத் தெரிஞ்சால் ரீச்சருக்குத் தெரியுமாம், செத்தாலும் பரவாயில்லையாம். அதுதான் நான் உங்கடை மேசையிலையிருந்து ஒரு வெறும் கண்ணாடியும் குத்துற ஊசியும் எடுத்துக்கொண்டு ஓடினனான். மாமாவின்ரை விரலிலை குத்தினனான். குத்தினது அவருக்குத் தெரியாது, என்னவோ புசத்திக்கொண்டு கிடந்தவர். திரும்பி வந்து என்ரை கண்ணாடியை எடுத்துப்போட்டு அதை வைச்சனான். எனக்குக் கிருமி எண்டு நீங்கள் குளிசை தருவியள், நான் அவருக்குக் குடுப்பன் எண்டு நினைச்சன். சேர், அவர் செத்துப்போகக் கூடாது. எங்கடை வீட்டிலை என்னோடை காட்ஸ் விளையாடுறது அவர் ஒருத்தர்தான்.

— அழாதேங்கோ பிள்ளை. நீங்கள் செய்தது சரியான சுத்துமாத்து. ஆனால் செய்யாமல் விட்டிருந்தால் எங்களுக்கு இந்த ஆளைத் தெரிஞ்சே இராது. கண்ணைத் துடையுங்கோ. ரீச்சர்... ரீச்சர், கையை எடுங்கோ. நீங்கள் ஆறுதலாய் வகுப்புக்குப் போங்கோ, எனக்கு உதிலை ஒரு சின்ன அலுவல் கிடக்கு.

— நான் வகுப்புக்குப் போகேல்லை சேர், நீங்கள் முன் படலையாலை போகாதேங்கோ. உங்கடை மோட்டச்சைக்கிள் சத்தம் கேட்டால் அவர் அந்தக் காய்ச்சலோடையும் மதில் பாயப் பாப்பார். வலை அறைக்குப் பின்னாலை ஒரு வழி இருக்கு. நான் காட்டுறன்.

— ரீச்சர், காதைப் பொத்தினனீங்களெல்லே?

— பொத்தினனான் நிவே. உமக்கு ஒரு பாவமும் வராது. எனக்கு இது முந்தியே தெரியும்.

— ஆர் சொன்னது?

— ஒருத்தரும் சொல்லேல்லை. ஒருநாள் விடியக்காலமை, ஸ்னோ முழங்கால் மட்டும் கிடக்கு எண்டு அவர் சொல்லிக்கொண்டிருக்கேக்கை, ஃபோனுக்குள்ளை ஒழுங்கை ஒழுங்கையாய்ப் பாண் விக்கிறவன்ரை ஓட்டோப் பாட்டுக் கேட்டது. கனடாவிலையும் இதே பாட்டோ எண்டு நான் யோசிச்சு முடியேல்லை, அந்த ஓட்டோ எங்கடை ஒழுங்கைக்குள்ளை திரும்பிட்டுது. அவரோடை கதைச்சுக்கொண்டே போய் நான் பாண் வாங்கினனான்.

— அப்ப பாருங்கோவன். ஏன் ரீச்சர் ஒரு சொல்லுக் கேக்கேல்லை?

— அவர் தானாய்ச் சொல்லட்டும் எண்டு விட்டனான். ஆபிரிக்கா வழியாய்ப் போனவர் எண்டது எனக்குத் தெரியும், காய்ச்சல் எண்டும் தெரிஞ்சிருந்தால் அண்டைக்கே அந்த அறைக் கதவை உடைச்சிருப்பன். நிவே, நீர் முன்னாலை ஓடிப்போய் அம்மாட்டைச் சொல்லும், நாங்கள் வாறம் எண்டு. சேர், அம்புலன்சுக்கு அடியுங்கோ.

— அடிக்கிறன். ரீச்சர், ஒண்டு சொல்லட்டே. அந்தாளோடை இப்ப ஒண்டும் கோவமாய்க் கதைச்சுப்போடாதேங்கோ. உங்களைக் கனடாவுக்குக் கூப்பிட ஏலாமல் போச்சே எண்ட வெக்கத்திலைதானே மனிசன் உயிரையும் விடத் துணிஞ்சிருக்கிறார்.

— அது வீண் வெக்கம் சேர். எனக்குக் கனடாவுக்குப் போக ஒருநாளும் விருப்பம் இருந்ததில்லை. பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கே சொல்லியிருக்கவேணும், வாய் வரேல்லை. கெதியாய் நடவுங்கோ, அவருக்கு நினைவு இருக்கேக்கையே இதை நான் சொல்லிப்போடவேணும்.