ஓர்வில் கேட்ட டாக்டரை வரவழைத்த வெர்னாவுக்கு

பனி விலகாத எங்கள் மினசோட்டா ஊரில், உடம்புக்கு முடியாத முதியவர்களுக்கான இந்த இல்லத்தைக் கனிவால் காத்த சமூகப் பணியாளரே! படுத்த படுக்கையானவரையும் மரியாதையோடு பெயர் சொல்லி அழைத்த பண்பின் செல்வியே! வெர்னா லிண்ட்குவிஸ்ட் அம்மையீர்! முப்பதாண்டுப் பணி முடித்து விடைபெறும் உங்களை வாழ்த்த வந்தோம். வாழ்த்துக்கு முன்னால் அழுகை வந்து நிற்கிறது.

உங்கள் சிறப்புகளை அடுக்க இந்த மாலை போதாது. ஒன்றை மட்டும் சொல்கிறோம்.

பால்பண்ணைக்காரர் ஓர்வில் ஸ்டென்ஸ்ரூட் இங்கே வந்த புதிதில், விடியுமுன்பே எழுந்து பூட்ஸைத் தேடுவார். வாழ்நாளெல்லாம் அந்த நேரத்தில் மாடு கறந்தவர். வாரம் ஒருமுறை வந்துபோகும் இல்லத்து டாக்டரோ அதை மனக்குழப்பம் என்று முடிவுகட்டி மாத்திரை எழுதினார். மனிதர் பகலெல்லாம் தலைதொங்கிக் கிடந்தார். மகள் மார்லிஸ் வந்தபோது அவருக்கு அது யாரென்றே தெரியவில்லை.

கொஞ்சம் தெளிந்த ஒரு பொழுதில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டார். "என் பழைய டாக்டர் ஹால்வர்சனைக் கூப்பிடும்மா. அவன் என் தொழுவத்துக்கே வந்து எனக்குத் தையல் போட்டவன். இந்த ஆளு என் மூஞ்சியக்கூட பாக்கல."

வெளி டாக்டர் வந்தால் வேலை குழம்பும், இல்லத்து டாக்டர் மனம் நோகும் என்று நிர்வாகி இழுத்தார். நீங்கள் குரலை உயர்த்தவில்லை.

"தங்கறதுக்குத்தான் வந்திருக்காரு. உடம்பை நமக்கு எழுதிக் குடுக்கல. டாக்டர் யாருன்னு சொல்றது அவரோட உரிமை, சட்டமே சொல்லுது. நீங்க கூப்பிடுறீங்களா, நான் கூப்பிடட்டுமா?"

அறுபது மைல் பனியில் வண்டியோட்டி வந்த ஹால்வர்சன், மாத்திரையை நிறுத்தினார். "ஏண்டா ஓர்வில், மாட்டையெல்லாம் வித்த பிறகும் எதுக்குடா எழுந்துக்கிற?" என்றார். "மாடுங்களுக்குத் தெரியும் வித்தாச்சுன்னு. என் கண்ணுக்குத் தெரியலையே" என்று ஓர்வில் சிரித்தார். அந்தச் சிரிப்பை நாங்கள் அன்றுதான் முதலில் பார்த்தோம்.

வசந்தத்தில் அவர் இதயம் தளர்ந்தது. நகரத்து மருத்துவமனைக்குப் போனால் குழாய்களோடு ஆயுள் சில நாள் கூடலாம் என்று ஹால்வர்சன் ஒளிக்காமல் சொன்னார். இங்கேயே இருக்கிறேன் என்றார் ஓர்வில். மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பேச வேண்டியதையெல்லாம் பேசி முடித்துத்தான் கண்மூடினார்.

இன்று ஹால்வர்சனும் இல்லை. இல்லம் தேடி வரும் டாக்டர்கள் இந்த வட்டாரத்தில் அரிதாகிவிட்டார்கள். உரிமை சட்டத்தில் இருக்கிறது. அதற்கு ஓர் ஆளைத் தேடி அலைந்தது நீங்கள்தான். போன வாரம் நம் இல்லத்து ஆர்டிஸ் க்வாம் அம்மாவுக்காக ஊர் ஊராக டாக்டர்களிடம் தொலைபேசியில் கெஞ்சி, ஒருவரும் ஒப்பாமல் நீங்கள் மேஜையில் தலைகவிழ்ந்திருந்ததைப் பார்த்தோம். ஆர்டிஸ் அம்மா நாளையும் டாக்டரைக் கேட்பார். நாங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

நலமும் நிம்மதியும் நிறைந்து நெடுங்காலம் வாழ்க! என்றேனும் உடம்புக்கு முடியாமல் போனால், நீங்கள் யாரைக் கேட்கிறீர்களோ அவரே வரட்டும். அவரை அழைத்துவர எங்களில் ஒருவராவது இருப்போம்.

பிரிய மனமில்லாத,
இல்லத்துப் பணியாளர்கள்