தொந்தரவு

ஹட்டனிலிருந்து நுவரெலியா போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் சூழலியலில் முதுகலை படிக்கிறாள் என்பது பேச்சில் தெரிந்தது.

"கிளாஸ்ல காட்டுன மேப்புல எங்க தோட்டத்து லயத்து வீடுகளுக்கு 'தொந்தரவு'ன்னு பேரு போட்டு செவப்பு அடிச்சிருக்காங்கடி."

"மனுசங்க குடியிருக்கிற வீடு தொந்தரவா?"

"காட்டுக்குத் தொந்தரவாம். வெறகு பொறுக்குறோமாம்."

"அப்ப தேயில? காட்ட வெட்டித்தானே நட்டாங்க?"

"அது பசுமையாம்! எங்கம்மா கொழுந்து பறிக்கிற மலை பச்சை, அவங்க படுக்கிற காம்பரா செவப்பு."

"நீ சும்மாவா இருந்த?"

"'இந்த எடத்த நேர்ல பாத்தவங்க இருக்கீங்களா'ன்னு சார் கேட்டாரு. எந்திரிச்சு, 'அந்தத் தொந்தரவு நான்தான் சார்'னேன்."