மச்சானுக்கு ஆறு சுருள்

மனித நாகரிகம் நெருப்பிலிருந்து தொடங்கவில்லை, சக்கரத்திலிருந்தும் தொடங்கவில்லை; ஒரு பன்றித் தொடையை உப்பில் புதைத்தெடுத்து வாடைக்காற்றில் தொங்கவிட்ட அன்றுதான் தொடங்கியது. எங்கள் ஊர் பிர்ஷூத் சகோதரர் சங்கத்தின் சட்டப் புத்தகத்தில் இதுதான் முதல் வரி; பிர்ஷூத் என்றால் அந்த உலர்த்திய தொடைதான். எழுதியவன் சங்கத் தலைவனான என் மச்சான் லிபேரோ. டயர் கடை வைத்திருந்தான். பன்றியின் பக்கத்தில் போனால் அவனுக்குத் தும்மல் வரும்.

மேடம், நீங்கள் தட்டச்சு செய்யும் வேகத்துக்கு மெதுவாகவே சொல்கிறேன். என் பெயர் எல்வியோ. வயது அறுபத்து மூன்று. தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவன். வருடத்துக்கு ஒரு பன்றி வளர்க்கிறேன். இஸ்த்ரியாவில் இது பெரிய விஷயமில்லை என்று உங்களுக்கே தெரியும்.

முதலில் செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். நிறையப் பேர் இதில்தான் சொதப்புகிறார்கள். ஏப்ரலில் காட்டு அஸ்பராகஸ் தளிரைக் கையால் ஒடிக்க வேண்டும், கத்தி கூடாது. தானாக ஒடிகிற இடம்வரைதான் இளசு. கொதிக்கிற தண்ணீரில் ஒரு நிமிடம், உடனே குளிர்ந்த தண்ணீரில். நான்கு தளிரை ஒன்றாகச் சேர்த்து, காகிதம்போலச் சீவிய பிர்ஷூத் துண்டால் சுற்ற வேண்டும். வாணலியில் ஒரு சொட்டு ஆலிவ் எண்ணெய், இரண்டு புரட்டு, முடிந்தது. உப்பு போடக் கூடாது, தொடையிலேயே இருக்கிறது. கால் மணி நேர வேலை. நுனியையும் உள்ளே மடித்துச் சுற்றிவிட்டால் பார்க்க லட்சணமாக இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

போன வருடத் திருவிழாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தொடை பக்குவமாகியிருக்கிறதா என்று பார்ப்பதற்குக் குதிரை எலும்பில் செய்த ஊசி இருக்கிறது. மூட்டுப் பக்கத்தில் குத்தி, இழுத்து, மூக்குக்குக் கீழே பிடிக்க வேண்டும். குதிரை எலும்பு வாசனையைச் சட்டென்று வாங்கும், சட்டென்று விட்டுவிடும். அதனால் ஒரே ஊசியால் ஊரிலுள்ள எல்லாத் தொடைகளையும் பார்த்துவிடலாம். பார்ப்பது தலைவன் மட்டும். ஊதா அங்கி, இறகு வைத்த தொப்பி, வெள்ளைக் கையுறை. அங்கி பக்கத்து நகரத்து நாடகக் குழு கலைந்தபோது வந்தது. முதுகில் இன்னும் ஒரு மெழுகுக் கறை உண்டு.

என் தொடை ஏழாவது. லிபேரோ குத்தினான், முகர்ந்தான். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து ஊசியைத் துடைத்தான். திரும்பவும் துடைத்தான். பிறகு தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துச் சிலுவை போட்டுக்கொண்டான்.

"என்ன மச்சான், வாயத் திறந்து சொல்லேன்" என்றேன்.

"என்னத்தச் சொல்ல மாப்ளே. செத்தவங்களப் பத்திக் குறையா பேசக் கூடாது."

முந்நூறு பேர் சிரித்தார்கள். முடி திருத்தும் பெபோ நாற்காலியில் ஏறி நின்று கத்தினான்: "பாதிரியாரக் கூப்பிடுங்கப்பா, பன்னிக்கு இன்னொரு தடவ அடக்கம் வைக்கணும்!" பாதிரியாரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

நான் கோபக்காரன் அல்ல. யோசிக்கிறவன். ஆறு தொடைகளுக்கு எடுக்காத கைக்குட்டையை ஏழாவதுக்கு மட்டும் எதற்கு எடுத்தான்? துணியில் முன்கூட்டியே எதையாவது தடவி வைத்திருந்தானா? எனக்கு முந்தின தொடை அவன் கடைக்கு வாடிக்கையான ஒரு லாரிக்காரனுடையது. அது முதல் பரிசு வாங்கியது. இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், வேண்டுமானால் தருகிறேன்.

வீட்டுக்கு வந்து என் மனைவி ஓண்டினாவிடம் கேட்டேன். அவள் லிபேரோவின் தங்கை.

"அண்ணன் மூக்கு பொய் சொல்லாது எல்வியோ. அதத் தூக்கிப் போட்டுட்டு வேற வேலயப் பாரு" என்றாள்.

"உங்க அண்ணனுக்கு டயர் நாத்தம்தான் தெரியும்."

"அந்த நாத்தமே தேவலாம்."

அடுத்த வாரம் தொடை சமையலறைக் கொக்கியிலிருந்து விறகுக் கொட்டகைக்குப் போயிருந்தது. மேசையில் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பொட்டலம். முப்பத்தொரு வருடக் குடித்தனத்தில் எங்கள் மேசைக்குப் பொட்டலம் வந்தது அதுதான் முதல் தடவை. அண்ணனும் தங்கையும் பேசி வைத்துக்கொண்டு செய்கிறார்களோ என்று தோன்றியது. அதையும் நோட்டில் எழுதினேன்.

தொடையை நான் தூக்கிப் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கொட்டகைக்குப் போய், என் சொந்த ஊசியால் நான்கு இடத்தில் குத்தி மூக்கருகே பிடித்துப் பார்த்தேன். வருடம் முழுக்க. ஒரு தடவைகூட எந்தக் கெட்ட வாடையும் வரவில்லை. ஐம்பத்திரண்டு ஞாயிறு, மேடம். அவன் முகர்ந்தது ஒரே ஒரு தடவை.

பழைய மாவு ஆலைச் சுவருக்குப் பின்னால் ஒரு செடி உண்டு. அதன் தளிரும் அஸ்பராகஸ் தளிரும் அக்கா தங்கைபோல இருக்கும். ஆடு சுற்றிக்கொண்டு போகும், தொடாது. பெயர் சொல்ல மாட்டேன். ஊரில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், எனக்கும் பொறுப்பு இருக்கிறது.

எங்கள் திருவிழாவில் ஒவ்வொரு வீடும் ஆறு சுருள் கொண்ட தட்டு வைக்க வேண்டும். தலைவன் முதலில் சாப்பிடுவான். அவன் தொப்பியைத் தூக்கும்வரை வேறு யாரும் அந்தத் தட்டைத் தொடக் கூடாது. சூடாகத் தின்பதற்காக அவனே எழுதிக்கொண்ட விதி. எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. வேறு யாருக்கும் தீங்கு வரக் கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன். இதை முதல் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

லிபேரோ ஒரு சுருளை மென்றான். முகத்தைச் சுளித்தான்.

"காய் கசக்குதே மாப்ளே."

"காட்டுக் காய் கசக்கத்தான் செய்யும். போன வருஷத் தொடைதான், எப்படி?"

"தொடையா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்தான். "இன்னிக்குப் பண்டிகை. நல்ல நாளும் அதுவுமா என் வாயக் கிளறாத."

பெபோ மேசையைத் தட்டிச் சிரித்தான். லிபேரோ குறை சொல்லிக்கொண்டே இன்னும் இரண்டைத் தின்றான். அவன் சாப்பாட்டு ராமன், ஓசியில் கிடைத்தால் விஷத்தையும் விட மாட்டான் என்று ஊரில் விளையாட்டாகச் சொல்வார்கள். அப்போதுதான் ஓண்டினா எழுந்து வந்தாள்.

"குடுண்ணா, நானும் பாக்கறேன். ஒரு வருஷமா உசுர வாங்கறாரு இந்த மனுஷன்."

"இந்தா, நீயாவது உம் புருஷன் மானத்தக் காப்பாத்து" என்று லிபேரோ தன் கையாலேயே ஊட்டினான். தொப்பியைத் தூக்கவில்லை. விதியை எழுதியவனே மீறினான். அந்தப் பொறுப்பு அவனுடையது.

நான் தடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நினைத்துப் பார்த்தேன். முந்நூறு பேர் முன்னால் என் மனைவியின் கையைப் பிடித்து, சாப்பிடாதே என்று சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். ஊர் என்ன நினைக்கும்? எல்வியோவுக்கே அவன் தொடைமேல் நம்பிக்கை இல்லை என்றுதான் நினைக்கும். அவள் மென்று முடித்தாள். இன்னொன்றும் எடுத்துக்கொண்டாள். மீதமிருந்த ஒன்றை நானே குப்பையில் போட்டுவிட்டேன், பாதுகாப்புக்காக.

லிபேரோ சாயங்காலத்துக்குள் போய்விட்டான். ஓண்டினா மறுநாள் மதியம்வரை இருந்தாள். என்ன சாப்பிட்டார்கள் என்று டாக்டர் இரண்டு தடவை கேட்டார். நல்ல மனிதர். நான் சொல்வதற்கு வார்த்தைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஓண்டினா முந்திக்கொண்டாள்.

"இவரு தொடைதான் டாக்டர். கெட்டுப்போனது. அண்ணன் போன வருஷமே சொன்னான்."

அந்த நிலையிலும். எனக்கு மனசு விட்டுப்போயிற்று. டாக்டர் வெளியே போனதும் அவள் காதருகே குனிந்து, "தொடையில ஒண்ணும் இல்ல ஓண்டினா, தளிர்லதான்" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். நர்ஸ் வந்துவிட்டதால் விளக்கமாகச் சொல்ல முடியாமல் போயிற்று. அந்த ஒன்றுதான் எனக்குக் குறை.

கெட்டுப்போன இறைச்சி என்று இறப்புச் சான்றிதழில் எழுதிவிட்டார்கள். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. அடக்கத்தில் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். "தெரியாமச் செஞ்சதுதானே, மனசத் தேத்திக்க" என்று பாதிரியார் சொன்னார். பெபோகூடப் பணம் வாங்காமல் முகம் மழித்துவிட்டான். மழித்துக்கொண்டே கேட்டான்: "அன்னிக்கு லிபேரோ சிலுவை போட்டப்பவே நீ புரிஞ்சுக்கிட்டிருக்கலாம் இல்லயா எல்வியோ?" மறுநாள் சங்க வாசலில் தாள் ஒட்டியிருந்தார்கள்: பக்குவம் தவறிய தொடை இரண்டு உயிர்களைக் குடித்தது, உறுப்பினர்கள் ஊசிப் பரிசோதனையை மதிக்கவும்.

அதைப் படித்துவிட்டு நேராக இங்கே வருகிறேன். மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதல்லவா. இரண்டு பேரையும் கொன்றது நான்தான். ஒருத்தனை யோசித்து, ஒருத்தியைப் பேசாமல் இருந்து. கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்: சான்றிதழைத் திருத்தச் சொல்லுங்கள். நஞ்சு தளிரில் இருந்தது, தொடை நன்றாக இருந்தது. இந்த இரண்டாவது வாக்கியத்துக்குக் கீழே கோடு போடுங்கள். சங்கத்துக்கு ஒரு நகல்.

சாட்சிக்காக மீதித் தொடையைக் கொண்டுவந்திருக்கிறேன். துணியைப் பிரிக்கிறேன். ஊசியும் இருக்கிறது. நீங்களே மூட்டுப் பக்கம் குத்திப் பாருங்கள். ஜன்னலைத் திறக்கிறீர்கள், நல்லது, வெளிச்சம் வரட்டும். கான்ஸ்டபிள் ஏன் வாயைப் பொத்திக்கொண்டு ஓடுகிறார்? அவரும் சங்கத்து ஆளா?

நான் முகர்ந்து பார்க்கவில்லையா என்றா கேட்கிறீர்கள்? பார்த்தேன், மேடம். அதுதான் சொன்னேனே, ஐம்பத்திரண்டு தடவை.

மூக்குச் சதைக்கு ஆபரேஷன் செய்த நாளிலிருந்து, ஒன்பது வருடமாக, எனக்கு வாசனை தெரியாது.